செடியின் பெயரோடு அதன் பக்குவத்தையும் பதிவு செய்வது எப்படி?

பொதிகை மலையில் பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பகுதிகளில் வாழும் காணிக்காரர் (காணிகள்) என்னும் பழங்குடி மக்களின் செடிகொடிச் சொற்களைத் தொகுக்க விரும்பும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பெரும்பாலும் இத்தகைய தொகுப்புகள் மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணையாகவே முடிந்துவிடுகின்றன: உள்ளூர்ப் பெயர், தாவரவியல் பெயர், 'வயிற்று வலிக்கு நல்லது' என்பதுபோல ஒரு வரிப் பயன். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு யாரும் ஒரு கிழங்கைக்கூடப் பக்குவப்படுத்தித் தின்ன முடியாது. நம்பித் தின்றால் உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த உறுப்பு, எந்த மாதம், எத்தனை முறை அவித்தது, எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தது, யார் கையால் எடுத்தது ஆகிய அனைத்தும் அந்தப் பெயரோடு சேர்ந்தே மலைமக்களின் நினைவில் இருக்கின்றன. ஆகவே அவற்றைச் சேர்த்தே எழுத வேண்டும் என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அந்நாட்டின் வடகிழக்கில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டல்லி, ஹெர்பர்ட் ஆறுகளை ஒட்டிய மழைக்காட்டில் வாழ்ந்த பழங்குடி மக்களின் மொழி ஜிர்பல். ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் 1963-இல் அங்கே களப்பணியைத் தொடங்கினார். அந்த மொழியின் விரிவான இலக்கணம் 1972-இல் அச்சில் வந்தது. அந்தக் காடும் நம் பொதிகையும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவுடையவை. பிரம்பு, வள்ளி, நாவல், உருத்திராட்சம் ஆகியவற்றின் இனங்கள் இரண்டு காடுகளிலும் உண்டு. ஏழிலைப்பாலையோ இனம் மட்டுமன்றி அதே மரமாகவே இரண்டிடத்திலும் வளர்கிறது. எனவே அங்கே கண்டறியப்பட்ட முறைகள் நமக்கு அந்நியமானவை அல்ல.

ஜிர்பல் மக்கள் 'மிரஞ்' என்று அழைக்கும் மரமொன்று உண்டு. காஸ்டனோஸ்பெர்மம் ஆஸ்திராலே என்பது அதன் தாவரவியல் பெயர். தடித்த காய்க்குள் உருண்டு திரண்ட பெரிய விதைகள் சில இருக்கும். அவற்றைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. அந்த விதைகளிலிருந்து காஸ்டனோஸ்பெர்மின் என்ற ஆல்கலாய்டை வேதியியலாளர்கள் 1981-இல் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அந்த விதையை என்ன செய்தால் உணவாகும் என்பதை மழைக்காட்டு மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். சூடேற்றிய கற்களோடு குழியில் இட்டு மூடி விதைகளை வேகவைத்து, நத்தை ஓட்டின் கூரான விளிம்பால் மெல்லிய துண்டுகளாகச் சீவி, 'ஜவுன்' என்னும் பிரம்புக் கூடையில் நிரப்பி, ஓடும் நீரில் பல நாள் போட்டுவைத்து, நஞ்சு நீரோடு போன பிறகே எடுத்து உண்டார்கள். துண்டு தடித்துப்போனால் உள்ளே நஞ்சு தங்கும். நீர் ஓடாமல் தேங்கி நின்றாலும் நஞ்சு தங்கும். ஆகவே மிரஞ் என்ற பெயரை எழுதும்போது குழியடுப்பு, நத்தை ஓடு, கூடை, ஓடை நான்கையும் எழுதாமல் விட்டால் அந்தப் பதிவு பாதி மட்டுமன்று, தவறான பதிவு.

இன்னொன்றையும் அம்மொழியிலிருந்து கற்கலாம். ஜிர்பலில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் நான்கு வகுப்புகளில் ஒன்றைச் சேரும். பயி, பலன், பலம், பல என்பன அவ்வகுப்புகளைக் காட்டும் சொற்கள். பகரத்தைப் 'பந்து' என்பதில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும். ஆண்களும் பெரும்பாலான விலங்குகளும் முதல் வகுப்பு. பெண்கள், நீர், நெருப்பு, சண்டையோடு தொடர்புடையவை இரண்டாவது. தின்னத் தகுந்த காய்கனிகளும் கிழங்குகளும் அவற்றைத் தரும் செடிகளும் தேனும் மூன்றாவது. மற்ற மரம், புல், கல் முதலியன நான்காவது. மிரஞ் நஞ்சுடையதாயினும் பக்குவத்தால் உணவாவதால் மூன்றாம் வகுப்பில் இருக்கிறது. தொட்டால் நாட்கணக்கில் எரியும் சொறிமரமோ உண்ணப்படாத மரங்களோடு நான்காம் வகுப்பில் சேராமல், தீங்கு செய்வது என்பதால் இரண்டாம் வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர் வேலிகளில் படரும் செந்தட்டியைப் பிடித்துவிட்டுக் கையை உதறியவர்களுக்கு அந்தப் பாகுபாட்டின் நியாயம் சொல்லாமலே விளங்கும். தாவரவியலாளர் பூவைப் பார்த்து வகுப்பார். மக்கள் அதனோடு தாங்கள் கொண்ட உறவைப் பார்த்து வகுக்கிறார்கள். நீங்கள் தொகுக்கும்போது அவர்கள் எதை எதோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடப்புத்தக வரிசைப்படி உடனே மாற்றி அடுக்கிவிடாதீர்கள்.

மலைக்குப் போவதற்கு முன் சமவெளியிலேயே பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. திருநெல்வேலிச் சீமையில் அதற்குப் பனையைவிடச் சிறந்த பாடம் இல்லை. திசையன்விளை, உடன்குடி பக்கத்தில் பனையேறும் குடும்பம் ஒன்றை அறிமுகப்படுத்திக்கொண்டு, பருவகாலத்தில் அவர்களோடு பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அமர்ந்து கேளுங்கள். வளரும் இளம்பனை வடலி. மட்டையின் இருபுறமும் அரம்போல் இருப்பது கருக்கு. மட்டையின் அடியில் வலைபோல் நாரோடி நிற்பது பன்னாடை. பாளை விட்டதும் அதைக் கடிப்பால் இடுக்கி நசுக்கி, பாளை அரிவாளால் நுனியைச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயத்தைக் கட்டுகிறார்கள். சுண்ணாம்பு இருந்தால் இறங்குவது பதநீர், இல்லாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். பதநீரைக் காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பனம்பழத்துக் கொட்டையைப் புதைத்து முளைக்கவிட்டால் பொங்கலுக்குக் கிழங்கு. முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளைப் பஞ்சுபோல் தித்திக்கும் தவண். இத்தனை சொற்களையும் 'பனையின் பாகங்கள்' என்று படம் வரைந்து அம்புக்குறியிட்டுச் சேகரிக்க முடியாது. கடிப்பு என்ற சொல் பாளையை இடுக்கும் வேளையில்தான் வாயில் வருகிறது. பதம் என்ற சொல் தாச்சியில் பாகு கொதிக்கும்போதுதான் அதன் முழுப் பொருளோடு வருகிறது. ஒரு வேலையை முதலிலிருந்து முடிவுவரை கூடவே இருந்து பார்த்து, அந்தந்த நொடியில் வரும் சொல்லை அந்தந்த இடத்திலேயே எழுதும் பழக்கம் பனங்காட்டில் கைகூடிவிட்டால் மழைக்காட்டிலும் கைகூடும்.

அடுத்தது அனுமதி. இதைச் சடங்காக நினைத்துக் கடைசியில் தள்ளுபவர்களை நான் ஏற்கமாட்டேன். காணிக் குடியிருப்புகள் 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், வனத்துறையின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் ஆய்வுக்காக உள்ளே போகவும் கூடாது, ஓர் இலையைப் பறிக்கவும் கூடாது. அது அரசு தரும் அனுமதி. அதற்கு மேலானது மக்கள் தரும் அனுமதி. குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியிடம் முதலில் போய், நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், எழுதியது எங்கே போகும், அதில் யாருக்கு வருமானம் வரக்கூடும் என்பதைப் பொய்யில்லாமல் சொல்லிவிட்டு, அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி முடிவு சொல்ல அவகாசம் கொடுங்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பல்லுயிர் சார்ந்த மரபறிவின்மீது வனவாழ் சமூகத்துக்கு உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. வணிகப் பயன்பாடு என்று வந்துவிட்டால் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிட வேண்டும்.

சரி என்று சொன்ன பிறகு எப்படிக் கேட்பது? வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, 'நொச்சிக்கு உங்கள் மொழியில் என்ன?' என்று ஒவ்வொன்றாகக் கேட்பது மிகவும் மோசமான முறை. கேட்கப்படுபவர் உங்களைத் திருப்திப்படுத்தத் தமிழ்ப் பெயரையே சற்றுத் திரித்துச் சொல்லிவிடக்கூடும். அதற்கு மாறாக, அவர்கள் தேனுக்கோ கிழங்குக்கோ போகும்போது, அவர்கள் சம்மதித்தால், பின்னால் நடந்துபோய், அவர்களாக நின்று பார்க்கும் செடியின் முன் நீங்களும் நில்லுங்கள். கேள்வி எளிய பேச்சுத் தமிழில் இருக்கட்டும்: "பாட்டையா, இத எந்த மாசம் எடுப்பிய? எடுத்த உடனே என்ன செய்விய?" என்று கேட்டால் பதில் வாக்கியமாக வரும், "இது என்ன?" என்று மட்டும் கேட்டால் ஒற்றைச் சொல்தான் வரும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், அதற்கு ஒரு மாணவியை அழைத்துப் போங்கள். கிழங்கு தோண்டுவதும் அவிப்பதும் பிள்ளைப்பேற்று மருந்தும் பெண்களின் அறிவாக இருக்கும் இடத்தில், ஆண்களிடம் மட்டும் கேட்டு எழுதியது முழுமையாகாது. பிலாத்தி என்னும் பூசாரி வைத்தியரின் அறிவு வேறொரு வகையானது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திருப்பிக் கேட்பதும் முக்கியம். ஜிர்பல் மக்களிடம் அன்றாடப் பேச்சுக்குக் குவல் என்றும், மாமியார் முதலிய சில உறவினர் காதுகேட்கும் இடத்தில் பேசுவதற்கு ஜல்ஙுய் என்றும் இரண்டு சொல்வழக்குகள் இருந்தன. இலக்கணம் ஒன்றே, சொற்கள் மட்டும் அடியோடு வேறு. ஜல்ஙுய் வழக்கில் சொற்கள் குறைவு என்பதால் அதன் ஒரு சொல் குவலின் பல சொற்களுக்கு ஈடாக நின்றது. 1930 வாக்கில் அவ்வழக்கு புழக்கத்திலிருந்து நின்றுபோனாலும் முதியோர் நினைவில் இருந்ததால், டிக்சன் முதலில் குவல் சொல்லைச் சொல்லி ஜல்ஙுய் சொல்லைக் கேட்டார். பிறகு அந்த ஜல்ஙுய் சொல்லைச் சொல்லி, அதற்குரிய குவல் சொற்களையெல்லாம் கேட்டு, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் விளக்கச் சொன்னார். மக்களே தங்கள் சொற்களை எப்படிக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பது அதனால் வெளிப்பட்டது. நாமும் இதைச் செய்யலாம். ஒரு கிழங்கின் பெயரைக் கேட்டு எழுதியபின், சில நாள் கழித்து, 'தண்ணீரில் ஊறப்போட்டே தின்ன வேண்டிய கிழங்குகள் எவையெவை?' என்று அதே பக்குவத்திலிருந்து பெயர்களை நோக்கிக் கேளுங்கள். முதல் நாள் வராத பெயர்கள் அப்போது வரும்.

ஒலியைப் பதிவதில் நம் எழுத்து ஓரளவு கைகொடுக்கும். ஜிர்பலில் உயிரொலி மூன்று, மெய்யொலி பதின்மூன்று. வல்லினத்தை அழுத்தி ஒலிப்பதும் மென்மையாக ஒலிப்பதும் அங்கே பொருளை மாற்றுவதில்லை, ரகரம் மட்டும் இரண்டு. மொழிமுதலில் ஙகரம் தாராளமாக வரும்: தந்தை 'ஙும', நான் 'ஙஜ'. ரோமன் எழுத்தில் எழுதுவோர் குறியீடு தேடித் தவிக்கும் இடங்களைத் தமிழெழுத்து இயல்பாகவே தாங்குகிறது. காணிகளின் பேச்சு அப்படியன்று. தமிழும் மலையாளமும் கலந்த சாயலுடையதாகவும் தனக்கென எழுத்தில்லாததாகவும் அது இருப்பதால், ககர சகரங்கள் எங்கே அழுத்தமாகவும் எங்கே மென்மையாகவும் ஒலிக்கின்றன என்பதைப் பக்கத்தில் ஒரு குறியிட்டு எழுதுங்கள். எப்படியானாலும் கைபேசியில் ஒலிப்பதிவு இருந்தாக வேண்டும். அதற்கும் தனியே சம்மதம் கேளுங்கள். காட்டில் மழையிரைச்சலும் சில்வண்டுச் சத்தமும் பதிவைக் கெடுத்துவிடும் என்பதால், அன்று மாலையே குடியிருப்புக்குத் திரும்பியதும் அதே சொற்களை மும்முறை சொல்லச் சொல்லி மறுபடி பதிந்துகொள்வது நல்லது.

செடி எது என்று உறுதிசெய்வதில் அவசரம் கூடவே கூடாது. கீழாநெல்லி என்று ஒரே பெயரில் கொண்டுவரப்படும் இரண்டு செடிகளை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். இரண்டிலும் இலைவரிசைக்குக் கீழே காய்கள் இருக்கும். ஒன்றில் தண்டு பச்சை, காய் வழுவழுப்பாக மெல்லிய காம்பில் தொங்கும். அது பில்லாந்தஸ் அமாரஸ். இன்னொன்றில் தண்டில் செம்மை படர்ந்திருக்கும், காய் சொரசொரப்பாகக் காம்பின்றி ஒட்டியிருக்கும். அது பில்லாந்தஸ் யூரினேரியா. பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வந்தவருக்கு இந்த வேறுபாடு கிடைக்காது. இதைவிடக் கொடியது கண்வலிக்கிழங்கு. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு அது; கொல்சிசின் என்ற கடும் நஞ்சு உடையது; வள்ளிக்கிழங்கு என்று தவறாக நினைத்து அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். ஆகவே இலை, பூ, காய், கிழங்கு, தண்டு சுற்றும் திசை அனைத்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அனுமதி இருந்தால் மட்டும், பூவோ காயோ உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்தி, இடம், நாள், உயரம், பூவின் நிறம், சொன்னவர் வழங்கிய பெயர் ஆகியவற்றை எழுதிய சீட்டோடு கல்லூரித் தாவரக் காப்பகத்தில் சேருங்கள். உலர்ந்தபின் பூவின் நிறம் போய்விடும் என்பதால் அதை அங்கேயே எழுதிவிட வேண்டும். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் அத்தகைய காப்பகம் இருக்கிறது.

இப்போது ஒரு பதிவு எப்படி அமைய வேண்டும் என்று பார்ப்போம். காய்வள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், டயஸ்கோரியா பல்பிஃபெரா என்னும் இக்கொடி நம் மலையிலும் வட ஆஸ்திரேலியாவிலும் ஒருங்கே உண்டு. இரண்டு நாடுகளிலும் அதன் காட்டு வகை கசப்பும் நஞ்சும் உடையது, நீரில் கசப்பைப் போக்கியே உண்ணத்தக்கது. முதல் வரியில் சொன்னவரின் உச்சரிப்பில் பெயர், அடுத்து, கொடியின் இலைக்கக்கத்தில் உருண்டையாகக் காய்க்கும் காய்வள்ளியும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனவா, வெவ்வேறா என்ற குறிப்பு, பிறகு, எடுக்கும் பருவத்தை ஆங்கில மாதமாக மாற்றாமல் அவர்கள் சொல்லும் அடையாளத்தோடு, அதாவது கொடி காய்ந்தபின், இன்ன பூ பூக்கும்போது, சாரல் நின்றபின் என்று எழுதுவது, தோண்டும் கருவி, தோலுரிப்பு, சீவல், அவித்தல், நீர்மாற்றல் ஆகியவற்றைச் செய்யும் வரிசையிலேயே, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கும் வினைச்சொல்லோடு, எப்படி இருந்தால் பக்குவம் வந்தது என்று அறிவார்கள் என்பது, எவ்வளவு விட்டுவைத்துத் தோண்டுவார்கள் என்பது, கடைசியாக, அந்தச் சொல் இயல்பாக வந்த ஒரு முழு வாக்கியம், பொருளோடு. வினைச்சொற்களைத்தான் தொகுப்பாளர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பக்குவம் முழுவதும் வினைச்சொற்களில்தான் இருக்கிறது.

எழுதக்கூடாததும் உண்டு. பிலாத்தியின் மருந்துகளில் சில அவருடைய சீடருக்கு மட்டுமே சொல்லப்படுபவை. அவற்றைக் கேட்காதீர்கள், பேச்சுவாக்கில் காதில் விழுந்தாலும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். அரிய செடி நிற்கும் சரியான இடத்தையும் வெளியிட வேண்டாம், வேர் தோண்டிகள் அதை வைத்தே வந்துவிடுவார்கள். இங்கே ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் வரலாறு நினைவில் இருக்க வேண்டும். 1987-இல் அகத்தியமலையில் வழிகாட்டிகளாக வந்த காணிகள் களைப்பு தெரியாமலிருக்க அச்செடியின் காயைத் தின்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து கேரளத்து வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் விற்பனையில் 2 சதவீத உரிமைத் தொகைக்கும் (ராயல்டி) கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதைப் பெற 1997-இல் கேரளக் காணிகளுக்கான அறக்கட்டளை பதிவாயிற்று. உலக அளவில் முன்னோடி ஏற்பாடு என்று பாராட்டப்பட்டாலும், எல்லாக் குடியிருப்புகளையும் கலந்து கேட்கவில்லை என்ற மனக்குறையும் காணிகளிடம் எழுந்தது. ஒருவர் சம்மதம் ஒரு சமூகத்தின் சம்மதமாகிவிடாது என்பதை அதிலிருந்து கற்றுக்கொண்டு, பக்கத்துக் குடியிருப்புகளிலும் பேசிவிட்டே அச்சுக்குப் போங்கள். மருந்தின் அளவையும் கலவையையும் பொதுப் பதிப்பில் போடாமல் சமூகத்திடம் இருக்கும் படியில் மட்டும் வைப்பதே என் பரிந்துரை.

தொகுப்பு ஒரு நிலைக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறுங்கள். ஒவ்வொரு பதிவையும் சொன்னவர் முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்த இளையவர்கள் கூட இருந்தால் நல்லது, ஏனென்றால் முதியவர் திருத்தும்போது அவர்களுக்கும் அது பாடமாகிறது. 'அப்படியில்லை, அவித்த தண்ணியக் கொட்டிட்டு மறுபடி அவிக்கணும்' என்பதுபோல ஒரு திருத்தம் வந்தால், பழையதை அழிக்காமல், திருத்தியவர் யார், என்றைக்கு என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடும்பங்களின் பக்குவம் உண்மையிலேயே வேறாக இருக்கலாம். பெரிய எழுத்தில் அச்சடித்த படிகள் குடியிருப்பில் இருக்கட்டும், ஒலிப்பதிவுகள் அங்குள்ள பிள்ளைகளின் கைபேசிகளிலும் இருக்கட்டும். சாரல் காலத்தில் பார்த்த செடியை ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கோடையிலும் மறுபடி பார்க்காமல் அந்தப் பதிவை முடிந்ததாகக் குறிக்காதீர்கள். ஒவ்வொரு பதிவின் கீழும் அடுத்த பருவத்துக்கென ஒரு கட்டத்தை வெறுமையாகவே விட்டுவையுங்கள்.